முதலில் ஆட்களைப் பாருங்கள், அப்புறம் திரையை வரையலாம்: யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு) கற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

டீக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சவுண்ட் பாக்ஸை எடுத்துக்கொள்வோம். "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று அது கத்தாவிட்டாலும் பணம் போய்ச் சேர்ந்துவிடும். கொடுத்தவர் போனில் பச்சை டிக் விழுந்தாயிற்று. வாங்கியவருக்கு வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்துவிடும். பணம் அனுப்பும் வேலை அத்தோடு முடிந்தது. அப்புறம் எதற்கு மாத வாடகை கட்டி, தனி சிம் போட்டு, இன்னொரு பெட்டி?

பெட்டி வருவதற்கு முன் அந்தக் கடையில் என்ன நடந்தது என்று பாருங்கள். மாஸ்டர் ஒரு கையில் டீ வடிகட்டும் பையைப் பிடித்திருக்கிறார், மறு கையில் பால் குவளை. "அண்ணா, போயிருச்சு" என்று ஒருவர் போனை நீட்டுகிறார். வெயிலில் திரை தெரியவில்லை. மாஸ்டர் தலையை ஆட்டிவிடுகிறார். போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு என்பது அவருக்கும் தெரியும். ஆனால் "இருங்க, எனக்கு மெசேஜ் வரட்டும்" என்று சொன்னால், தினமும் வருகிற ஆளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். போதாததற்கு, கணக்கு முதலாளி பெயரில், எஸ்எம்எஸ் வருவதும் முதலாளி போனுக்கு. அவர் வீட்டில் இருப்பார்.

பேடிஎம் இந்தப் பெட்டியைப் பரப்பியது. போன்பேயும் கூகுள் பேயும் பின்னாலேயே வந்தன. சந்தேகப்படுகிற வேலையை மாஸ்டர் தலையிலிருந்து இறக்கி ஒரு பெட்டியின் தலையில் வைத்ததுதான் அதன் வெற்றி. கேட்கவும் வேண்டாம், காட்டவும் வேண்டாம், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. தொடுதிரையை எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் இது கிடைத்திருக்காது, ஏனென்றால் சிக்கல் திரைக்குள் இல்லை. இரண்டு பேருக்கு நடுவில் இருந்தது.

புதிதாக யூஎக்ஸ் கற்க வருபவர்கள் பெரும்பாலும் திரை வரையும் மென்பொருளான ஃபிக்மாவில் தொடங்குகிறார்கள். பட்டனுக்கு நிழல், ஓரத்துக்கு வளைவு என்று சில வாரம் போய்விடும். கற்றுக்கொள்ள வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் "ஒரு பயனர், ஒரு திரை" என்ற கணக்கு அப்போதே மனதில் பதிந்துவிடுகிறது. இந்தியாவில் போன் அப்படிப் பயன்படுவதே குறைவு. பக்கத்தில் ஒருவர் எட்டிப் பார்ப்பார், பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவார், வீட்டில் ஒருவர் அப்புறம் ஹிஸ்டரியைப் பார்ப்பார். மென்பொருள் எதுவும் வாங்காமல், மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்வதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்குவது எப்படி என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு யூபிஐ. 2016-ல் தொடங்கிய அது, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. போய் நின்று பார்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

படி 1: சின்ன விஷயமாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

"பணம் செலுத்தும் ஆப் செய்யப் போகிறேன்" என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். "ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் டீ குடிக்கிறார்கள், ஒருவர் பணம் கொடுக்கிறார்" என்பது போதும். அதற்குள்ளேயே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

ரொக்கம் கொடுத்த காலத்தில் "நான் குடுக்கிறேன்", "சும்மா இருப்பா, நான் குடுக்கிறேன்" என்று இரண்டு கைகள் நீளும். யார் கையிலிருந்து வாங்குவது என்று கடைக்காரர் முடிவு செய்வார். பெரும்பாலும் வயதில் மூத்தவரின் நோட்டுதான் கல்லாவுக்குப் போகும். இப்போது யார் முதலில் ஸ்கேன் செய்கிறாரோ அவர் ஜெயித்தார். டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே போனை எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். போனை எடுக்கவே மறந்துபோகிறவர்களும் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார்.

பிறகு பங்கு கேட்கும் கட்டம். நண்பனிடம் நாற்பது ரூபாய் கேட்பது கஷ்டமான வேலை. அற்பத்தனமாகத் தெரியும். 2025 செப்டம்பர் வரை யூபிஐ ஆப் வழியாகவே நண்பருக்குப் பணக் கோரிக்கை அனுப்ப முடிந்தது, அப்படி அனுப்பினால் கேட்டது நாமில்லை, ஆப் கேட்டது என்று ஆகிவிட்டது. பங்கு பிரிக்கும் வசதியை மக்கள் கணக்குப் போடச் சோம்பல்பட்டுப் பயன்படுத்தினார்கள் என்று நினைத்தால், நீங்கள் கால்குலேட்டரைத்தான் மேம்படுத்துவீர்கள். கூச்சம்தான் காரணம் என்று தெரிந்தால், கோரிக்கையில் இருக்கும் வாசகத்தின் மீது கவனம் போகும்.

படி 2: போய் நில்லுங்கள்

கூட்ட நேரத்தில் போங்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது, மாலை நான்கிலிருந்து ஆறு. டீ வாங்கிக்கொள்ளுங்கள், இடத்தை அடைக்காமல் ஓரமாக நில்லுங்கள். கடைக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது: "அண்ணா, படிக்கிறேன், ஜனங்க எப்படி காசு குடுக்கிறாங்கன்னு பார்த்து எழுதணும்." சொல்லாமல் நோட்டும் பேனாவுமாக நின்றால் ஏதோ இலாகாவிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிடுவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2025 ஜூலையில் யூபிஐ வரவை வைத்துக் கர்நாடக வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூருவில் பல சிறு கடைகளில் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு "யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். ஆப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சுற்றியிருந்த உறவுதான் மாறியது, பயன்பாடும் அதோடு மாறிவிட்டது.

முகங்களைப் படம் எடுக்காதீர்கள். யாராவது பின் எண் போடும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

எதை எழுதுவது? கருத்துகளை எழுத வேண்டாம். கை எங்கே, கண் எங்கே, யார் யாரிடம் என்ன சொன்னார். ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம்:

"6.10. பெரியவர், கூடப் பேரன். போனை எடுத்துப் பேரனிடம் கொடுக்கிறார். பேரன் ஸ்கேன் பண்ணி, தொகை அடித்து, போனைத் திருப்பிக் கொடுக்கிறான். பெரியவர் போனை நெஞ்சோடு சேர்த்து வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பின் போடுகிறார். பேரன் ரோட்டைப் பார்க்கிறான். பெட்டி சொன்ன பிறகுதான் இருவரும் நகர்கிறார்கள்."

இந்த ஐந்தாறு வரியை வைத்து ஒரு மணி நேரம் பேசலாம். பேரன் மீது எல்லாவற்றுக்கும் நம்பிக்கை இருக்கிறது, பின் எண் ஒன்றுக்கு மட்டும் இல்லை. இருவருக்கும் அது தெரியும், அவன் தானாகவே ரோட்டைப் பார்க்கிறான், அதில் அவமானம் எதுவும் இல்லை. வடிவமைப்பவருக்கு இதில் கிடைப்பது: தொகை அடிப்பவரும் பின் போடுபவரும் ஒரே ஆள் இல்லை. ஆகவே பின் கேட்கும் திரையில், யாருக்கு, எவ்வளவு என்பது பெரிய எழுத்தில் இருந்தாக வேண்டும். போனை வாங்கிக்கொண்ட பெரியவர் முதலில் பார்க்கப்போவது அந்தத் திரையைத்தான். "போன திரையில்தான் காட்டிவிட்டோமே" என்பது பதிலாகாது. போன திரையைப் பார்த்தவன் பேரன்.

இன்னொன்று, மக்கள் தாங்களாகச் செய்துகொண்ட ஒட்டுவேலைகளைத் தேடுங்கள். க்யூஆர் அட்டைக்குக் கீழே மார்க்கர் பேனாவில் போன் நம்பர் எழுதியிருக்கும். கூட்டத்தில் பின்னால் நிற்பவருக்கும் எட்டட்டும் என்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட அட்டை இருக்கும். பூ விற்கும் அம்மாவின் கூடையில் மகன் பெயரில் உள்ள க்யூஆர் இருக்கும். பணம் மகனின் போனுக்குப் போகும். அந்த அம்மா வாடிக்கையாளரின் திரையைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார். ஒவ்வொரு ஒட்டுவேலைக்கும் பின்னால், வடிவமைத்தவர் யோசிக்காத ஒரு உறவு இருக்கும். மகனுக்குத் தெரிகிற அதே நொடியில் அம்மாவுக்கும் எப்படித் தெரிய வைப்பது? நல்ல பயிற்சிக் கேள்வி அது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கேளுங்கள், ஆனால் அபிப்பிராயம் கேட்காதீர்கள்

"இந்த ஆப் எப்படி இருக்கு அண்ணா?" என்று கேட்டால் "நல்லாருக்கு தம்பி" என்றுதான் பதில் வரும். மரியாதை அது. முகத்துக்கு நேரே குறை சொல்ல நம் ஊரில் அவ்வளவு எளிதில் வாய் வராது, அதுவும் படிக்கிற பிள்ளையிடம். அதனால் நடந்ததைக் கேளுங்கள்.

"கடைசியா எப்ப அண்ணா பணம் வராம போச்சு?"

"முந்தாநேத்து. நூத்தி நாப்பது ரூபா."

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"அவரு கட் ஆயிருச்சுன்னாரு. எனக்குச் சத்தம் வரல. தெரிஞ்சவருதான், சரி போங்கன்னுட்டேன். அப்புறம் சாயங்காலம் ஓனர்கிட்டக் கேட்டா, வந்திருக்குன்னாரு."

"தெரியாதவரா இருந்தா?"

"நிக்க வெச்சிருப்பேன். இல்லன்னா அவரு நம்பரை எழுதி வாங்கிக்குவேன்."

இப்படித்தான் பேச்சு போகும். தெரிந்தவருக்கு ஒரு நடைமுறை, தெரியாதவருக்கு இன்னொன்று என்பது இரண்டு கேள்வியில் வந்துவிட்டது. "தோல்வியுற்ற பரிவர்த்தனை" என்று ஒரே திரை வரைந்து வைத்திருப்பீர்கள். கடையில் அது இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சி. தெரியாத வாடிக்கையாளர் நிற்கும் அந்த நிமிடத்தில் அவர் கையில் என்ன இருந்தால் மானத்தோடு கிளம்ப முடியும்? குறிப்பு எண்ணா, "இத்தனை மணிக்குள் பணம் சேரும் அல்லது திரும்பிவிடும்" என்ற வரியா? வங்கிக்காகச் சொல்லப்படும் பிழைச் செய்தியும் கடைக்காரரிடம் காட்டுவதற்கான செய்தியும் ஒன்றாக இருக்க முடியாது.

படி 4: திரைகளுக்கு முன் ஆட்களை வரையுங்கள்

ஒரு தாளின் நடுவில் பணத்தை எழுதுங்கள். சுற்றிலும் நான்கு வகை ஆட்கள்: கொடுப்பவர், வாங்குபவர், பார்த்துக்கொண்டிருப்பவர், பின்னால் தெரிந்துகொள்ளப் போகிறவர். முதல் இரண்டும் எல்லோருக்கும் தோன்றும். புதியவர்கள் விட்டுவிடுவது நான்காவதை.

நம் வீடுகளில் போன் பெரும்பாலும் பொதுச் சொத்து. நித்யா சம்பாசிவனும் சக ஆய்வாளர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்களிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வு, இதைப் படிக்க விரும்புபவர்கள் தொட வேண்டிய முதல் இடம். கணவர், பிள்ளைகள், மாமியார் என்று யார் கேட்டாலும் போனைக் கொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு நடுவில் அந்தப் பெண்கள் எப்படித் தனிமையைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. மொத்தப் போனையும் பூட்டினால் "என்னத்தை மறைக்கிறே?" என்ற கேள்வி வரும். அதனால் குறிப்பிட்ட ஆப்களுக்கு மட்டும் பூட்டு, ஹிஸ்டரியில் ஒன்றிரண்டை மட்டும் அழிப்பது என்று போகிறார்கள். ஹிஸ்டரி முழுக்கக் காலியாக இருந்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும் இல்லையா? "எல்லாவற்றையும் அழி" என்ற பட்டனோடு நின்றுவிட்ட டிசைனர் இந்த வீட்டுக்குள் வந்தவர் இல்லை.

இதை முன்பே கவனித்தவர்கள் உண்டு. 2007-ல் வந்த நோக்கியா 1200-ல், ஒரே போனைப் பலர் பயன்படுத்துவதற்காகத் தனித்தனித் தொடர்பு எண் பட்டியல்கள் வைத்திருந்தார்கள். 2024-ல் அறிமுகமான யூபிஐ சர்க்கிளும் அந்த வழிதான். அப்பா கணக்கிலிருந்து அம்மா பணம் கொடுப்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, பின் எண்ணைச் சொல்லிக் கொடுத்து. அதற்கு ஒரு முறையான வழி: முழு அதிகாரம் கொடுத்தால் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 15,000 ரூபாய் வரம்பு. வீட்டில் நடப்பதைத் தடுக்காமல் அதற்கு ஒரு வேலி போட்டது நல்ல வடிவமைப்பு. ஆனால் ஒவ்வொரு செலவும் கணக்கு வைத்திருப்பவருக்குத் தெரியும் என்பதையும் உங்கள் தாளில் நான்காவது ஆளுக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அது சில வீடுகளில் வசதி, சில வீடுகளில் கண்காணிப்பு.

படி 5: எழுதாத விதியை ஒரு வரியில் எழுதுங்கள்

பார்த்ததையும் கேட்டதையும் வைத்து, அந்த இடத்தில் எல்லோரும் சொல்லாமலே கடைப்பிடிக்கும் விதியை ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். "தெரிந்தவரைச் சந்தேகிப்பதாகக் காட்டக் கூடாது." "பெரியவர் இருக்கும்போது சின்னவர் பணம் கொடுத்தால் அது அவமரியாதை." "கூப்பிட்டுவிட்டு உடனே கட் செய்தால் வந்துவிட்டேன் என்று அர்த்தம்." கடைசியில் சொன்னது மிஸ்டு கால், அழைப்புக்குக் காசு, அழைப்பைப் பெறுவது இலவசம் என்ற கணக்கிலிருந்து மக்களே உண்டாக்கிய மொழி. சாதாரண போன்களுக்காக 2022 மார்ச்சில் வந்த யூபிஐ 123பே, பணம் செலுத்தும் வழிகளில் ஒன்றாக மிஸ்டு காலையே எடுத்துக்கொண்டது. கடையில் உள்ள எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும், அதில் பின் போட வேண்டும். யாருக்கும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வாட்ஸ்அப்பின் நீல டிக். 2014 நவம்பரில் அது வந்தபோது, "பார்க்கவில்லை" என்று சொல்லி நழுவும் வசதி ஒரே இரவில் போயிற்று. சின்னப் பொய்கள்தான் பாதி உறவுகளை இழுத்துக்கொண்டு போகின்றன, அதில் கை வைத்தால் கத்தல் வரத்தான் செய்யும். சீக்கிரமே அதை அணைத்து வைக்க வழி செய்தார்கள். அப்படிச் செய்ததிலும் ஒரு நுணுக்கம் உண்டு: நீங்கள் படித்ததை மறைத்தால் அடுத்தவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. கொடுத்தால்தான் கிடைக்கும் என்பது ஊரில் ஏற்கெனவே இருக்கும் நியாயம், அதனால் யாரும் சண்டை போடவில்லை. குரூப்புகளில் மட்டும் அந்த அணைப்பு செல்லாது.

ஒரு முழு உதாரணம்: மொய்

இதுவரை சொன்னதை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க மொய்யைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. 2021-ல் மதுரையில் ஒரு குடும்பம் கல்யாணப் பத்திரிகையில் க்யூஆர் அச்சிட்டது செய்தியாகி ஊரெல்லாம் சுற்றியது. கொரோனாவால் வர முடியாதவர்களும் மொய் செய்யட்டும் என்ற யோசனை. பணம் அனுப்புவது என்ற அளவில் அதில் எந்தக் குறையும் இல்லை. மொய் என்ற அளவில்?

மொய் எழுதும் மேசையில் நில்லுங்கள். நோட்டில் எழுதுவது முதலில் ஊர், பிறகு பெயர், பிறகு தொகை. பெயரோடு அப்பா பெயரோ, கடைப் பெயரோ, பட்டப்பெயரோ சேரும், ஏனென்றால் ஒரே ஊரில் முருகன் பத்துப் பேர். அந்த நோட்டு பல வருடம் பீரோவில் இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது எடுத்துப் பார்த்து, வந்ததற்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்று அதற்கென்றே ஆடி, ஆவணியில் விருந்து வைத்து, நோட்டு எண்ணும் இயந்திரம் வரைக்கும் வைத்து நடத்துகிறார்கள். அங்கே வசூலாவது பணம் மட்டும் இல்லை, வரவேண்டிய கடனும் வைக்கப்படும் கடனும்.

யூபிஐ-யில் அனுப்பினால் வருவது: வங்கியில் உள்ள பெயர், ஆங்கில எழுத்தில், முன்னால் ஒரு இனிஷியல், அப்புறம் ஒரு நீள எண். அனுப்பியவர் எந்த ஊர் முருகன் என்று யாருக்கும் தெரியாது. பணம் வந்துவிட்டது, மொய் வரவில்லை.

இதற்கு வடிவமைக்கச் சொன்னால் எங்கே தொடங்குவீர்கள்? ஊர்ப் பெயருக்கு முதல் கட்டம். அடுத்து "யார் வீடு" என்பதற்கு ஒரு கட்டம், குடும்பத்தை அவர்கள் அழைக்கும் பெயரிலேயே. தொகைக்கு விரைவுப் பட்டன் வைத்தால் 100, 500 என்று வைக்காதீர்கள், 101, 501, 1001 வையுங்கள். அந்த ஒரு ரூபாய் இல்லாத மொய் பலருக்கு மொய்யாகவே படாது. குறிப்புப் பெட்டியில் முன்பு அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று காட்டினால் உபகாரம். மண்டபத்தில் மொய் எழுதுபவருக்கு உடனே பட்டியலில் தெரிய வேண்டும். சில ஊர்களில் மைக்கில் பெயரும் தொகையும் வாசிப்பார்கள். அனுப்பியவர் நேரில் வராவிட்டாலும் அவர் பெயர் வாசிக்கப்பட்டால்தான் அவருக்குச் சபையில் மதிப்பு. இதே பெயரும் தொகையும் உரக்க ஒலிப்பது ஒரு மருந்துக் கடையிலோ அடகுக் கடையிலோ நடந்தால்? அங்கே வால்யூமைக் குறைக்கும் பட்டன் கடைக்காரர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டி ஒன்றுதான், இடத்துக்கு இடம் மானம் வேறு.

படி 6: தாளில் வரைந்து, கூட்டத்தில் சோதியுங்கள்

முதல் வரைவுக்குத் தாள் போதும். போன் அளவுக்கு வெட்டிய அட்டைகளில் திரைகளைக் கையால் வரையுங்கள். ஆனால் ஒருவரை ஏசி அறையில் உட்கார வைத்துச் சோதிக்காதீர்கள். மூன்று பேரைக் கூப்பிடுங்கள். ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் கடைக்காரர், மூன்றாமவர் பின்னால் நின்று "கொஞ்சம் சீக்கிரம்ங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கடைக்காரர் கையில் இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிடுங்கள், கீழே வைக்கக் கூடாது. தனியாக இருக்கும்போது ஒழுங்காகப் படித்த எச்சரிக்கையை, பின்னால் ஆள் நிற்கும்போது படிக்காமலே தள்ளிவிடுவதை அப்போது பார்ப்பீர்கள்.

ஒலி இருந்தால் அதையும் நடித்துப் பாருங்கள். மிக்ஸி ஓடும் ஜூஸ் கடையில் வாக்கியத்தின் முதல் சொல் யார் காதிலும் விழாது. தொகையை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்பதை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

படி 7: இதே கூச்சத்தை வைத்து ஏமாற்றவும் முடியும்

கூச்சம், மரியாதை, அவசரம், கூட்டத்தோடு போகும் பழக்கம் என்று நீங்கள் கண்டுபிடித்த எல்லாமே இன்னொருவருக்கு ஆயுதம். படி 1-ல் சொன்ன கோரிக்கை வசதியையே பாருங்கள். பழைய சோபா வாங்குவதாகப் பேசி, "பணம் அனுப்பியிருக்கேன், பின் போட்டு வாங்கிக்குங்க" என்று கோரிக்கையை அனுப்பிவிடுவார்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஆனால் பின் போடுவது கைப்பழக்கமாகிவிட்டது, எதிரே பேசுபவர் மரியாதையாகவும் அவசரமாகவும் பேசுகிறார், மறுக்கக் கூச்சம். கடைசியில் 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கிடையேயான இந்தக் கோரிக்கையையே யூபிஐ-யை நடத்தும் அமைப்பான என்பிசிஐ நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஜூன் இறுதிக்குள், பணம் பெறுபவருக்கு வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே திரையில் காட்ட வேண்டும் என்றும் ஆப்களுக்குச் சொல்லிவிட்டார்கள். "என்ன பேர் வருது?" என்று கடைகளில் கேட்பது அந்தத் திரையை நம்பித்தான்.

நிறுவனங்களே செய்வதும் உண்டு. "வேண்டாம், எனக்குப் பணம் மிச்சமாவதில் விருப்பமில்லை" என்று மறுக்கும் பட்டனில் எழுதி வைப்பது வெட்கப்படுத்தி வாங்கும் வித்தை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் இப்படி 13 ஏமாற்று வடிவங்கள் பட்டியலாகியிருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே யாராவது உங்களிடம் இதில் ஒன்றை வரையச் சொல்லக்கூடும், அதனால் பட்டியலை முன்பே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில சமயம் வேகத்தைக் குறைப்பதே சரி. பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தி ஃபார்வர்டு ஆகி ஆட்களை அடித்தே கொன்ற 2018-ல், ஜூலை மாதம் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2019 ஜனவரியில் அதே வரம்பு உலகம் முழுவதும் வந்தது.

படி 8: வெளியிட்ட பிறகு மறுபடி போங்கள்

புது வசதி வந்ததும் மக்கள் பழக்கம் அதற்குத் தகுந்தபடி மாறும், நீங்கள் எழுதிய விதி பழசாகிவிடும். பெட்டி வந்த பிறகு பல கடைகளில் யாரும் போனைக் காட்டுவதே இல்லை. சத்தம் வந்தால் நடையைக் கட்டுகிறார்கள். சத்தம் வராவிட்டால் யார் பேச வேண்டும், கொடுத்தவரா வாங்கியவரா? கடையின் க்யூஆர் மேல் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போகும் திருடனை அந்த மௌனம்தான் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் பெட்டியில் சார்ஜ் இல்லாத நாளில்?

அந்த நாளுக்காகக் காத்திருந்து போங்கள். நெட்வொர்க் படுத்துவிட்ட மாலை, வங்கி சர்வர் வேலை செய்யாத மாத முதல் தேதி, பெட்டி ஊமையான நேரம். தெரிந்தவரிடம் "நாளைக்குக் குடுங்க" என்பார்கள், தெரியாதவரைப் பக்கத்து ஏடிஎம்முக்கு அனுப்புவார்கள், ஒருவர் வரிசையில் நிற்கும் இன்னொருவரிடம் "நீங்க குடுத்துருங்க, நான் உங்களுக்கு ரொக்கம் தர்றேன்" என்பார். அடுத்த வரைவில் எதைச் சேர்க்க வேண்டும் என்பது அந்த அரைமணி நேரக் குறிப்பில் இருக்கும். இந்த முறை நோட்டில் இன்னொரு பத்தியைக் கூடுதலாக வரைந்துகொண்டு போங்கள்: யார் யாருக்காகக் கொடுத்தார்கள் என்பதற்கு.